ஆய்வுப் பணியை எதை வைத்து அளப்பது? பார்த்த வீடும் போட்ட நோட்டீசும் போதுமா?

வைகைக்கரை

நகராட்சி சுகாதாரப் பிரிவின் மாத அறிக்கையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் கட்டங்கள் மனப்பாடமாகவே இருக்கும். பார்த்த வீடுகள், புழு இருந்த வீடுகள், கொட்டிக் கவிழ்த்த பாத்திரங்கள், கொடுத்த நோட்டீஸ், வசூலான அபராதம், குளோரின் பார்த்த தெருக்கள். உணவக ஆய்வு, 2011 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, தனித் துறைக்குப் போய்விட்டது. அங்கேயும் அறிக்கை இதே வார்ப்புதான்: பார்த்த கடைகள், எடுத்த மாதிரிகள், போட்ட வழக்குகள்.

எவ்வளவு உழைத்தார்கள் என்பது இதில் தெரியும். அந்த உழைப்பால் தெருவில் கொசு குறைந்ததா, கடைசி வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வந்ததா, பிரியாணிக் கடைச் சமையலறை மாறியதா என்பது தெரியாது. ஒரு நடுத்தர நகராட்சி பெரிய செலவில்லாமல் தன் ஓராண்டு ஆய்வுப் பணியை மதிப்பிட என்ன அளவைகளை வைக்கலாம்? கொசுப்புழு, குடிநீர், உணவகம் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். களம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேம்படி

கொசுப்புழுவில் இருந்து தொடங்குகிறேன். மறுசோதனை இல்லாமல் இந்தப் பணியை மதிப்பிடவே முடியாது. பணியாளர் "புழு இல்லை" என்று எழுதிய வீடுகளில் ஒரு பகுதிக்கு வேறொருவர் போய்ப் பார்க்க வேண்டும். இதைச் செய்கிற இடங்களிலும் இரண்டு விஷயங்களில் தப்பு நடக்கிறது.

ஒன்று, நாள் கணக்கு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துப் போய்ப் புழு இருக்கிறது என்று சொன்னால், "அது நான் போன பிறகு வந்தது" என்பார் பணியாளர். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆகவே 48 மணி நேரத்துக்குள் போக வேண்டும். போய், சின்னப் புழுவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. தொட்டி விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த முட்டை, நேற்று தண்ணீர் நிரப்பியதும் பொரிந்திருக்கலாம். கூட்டுப்புழுவையும், கூடாகப் போகிற பெரிய புழுவையும் மட்டும் எண்ணுங்கள். அவை இரண்டு நாளில் முளைக்காது. பணியாளர் வந்தபோது அந்தத் தொட்டியில் இருந்தவைதான்.

இரண்டாவது, வீட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை. மேற்பார்வையாளரிடம் விட்டால் தெருமுனை வீடும் திறந்த வீடும்தான் வரும். சொத்துவரிப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் எண் போட்டு எடுங்கள். பூட்டிய வீடு, காலி மனை, கட்டுமான இடம், பள்ளி, அரசு அலுவலகம் எதையும் விடக் கூடாது. அலுவலகக் கட்டடங்களின் மொட்டை மாடிகளை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

எங்கே தவறவிட்டார்கள் என்பதையும் பாத்திர வகையோடு எழுதுங்கள்: சிமென்ட் தொட்டி, மூடி சரியில்லாத மேல்தொட்டி, ஃபிரிட்ஜின் பின் தட்டு, ஆட்டுக்கல், டயர், கிணறு. ஃபிரிட்ஜ் தட்டு திரும்பத் திரும்ப வந்தால் பணியாளருக்கு அதைப் பற்றிச் சொல்லித் தரவில்லை என்று பொருள். மேல்தொட்டி வந்தால் ஏணியோ கைவிளக்கோ கொடுக்கவில்லை என்று பொருள். ஒன்றுக்குப் பயிற்சி வேண்டும், மற்றதற்கு நானூறு ரூபாய்ப் பொருள் வேண்டும்.

கணக்குப்பிள்ளை

வேம்படி அண்ணா சொன்ன "புழு இல்லை" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். புழு இருந்ததாகப் பணியாளர் எழுதிய வீட்டில் அவரே கொட்டிக் கவிழ்த்திருப்பார். அங்கே மறுநாள் போனால் ஒன்றும் இருக்காது. இரு வகை வீடுகளையும் ஒன்றாகக் கலந்து "ஒத்துப்போகிறதா" என்று பார்த்தால் ஒழுங்காக வேலை செய்தவர்தான் மாட்டிக்கொள்வார். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

உதாரணக் கணக்கு ஒன்று. 240 வீடுகள். பணியாளர்கள் 9 வீட்டில் புழு என்று எழுதியிருக்கிறார்கள், 231-ல் இல்லை என்று. அறிக்கையில் வீட்டுக் குறியீடு, அதாவது பார்த்த வீடுகளில் புழு இருந்தவை, 3.75 சதவீதம். மறுசோதனையில் அந்த 231-ல் 15 வீட்டில் கூட்டுப்புழு கிடைக்கிறது. அப்படியானால் உண்மையில் 24 வீடு, அதாவது 10 சதவீதம். இருந்த 24-ல் 9-ஐத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். நூறு இருந்தால் முப்பத்தெட்டு கண்ணில் படுகிறது. இந்த ஒற்றை எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பணி முன்னேறுகிறதா என்பதற்கு இதைவிட நேரான அளவை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. நூறு வீடு பார்த்து ஐந்தில் புழு என்றால் 5 சதவீதம் என்று எழுதுகிறோம். நூறு வீடு மட்டுமே பார்த்ததால் உண்மை எண் 1.6 முதல் 11.3 வரை எங்கும் இருக்கலாம். 300 வீட்டில் 15 என்றால் 2.8 முதல் 8.1 வரை. ஆகவே ஒரு வார்டில் போன மாதம் 6, இந்த மாதம் 4 என்று பாராட்டுவதும், மறுவார்டில் 4 ஆக இருந்தது 6 ஆனதற்கு மெமோ கொடுப்பதும் அர்த்தமில்லாதவை. 60 வீடு பார்த்து ஒன்றிலும் புழு இல்லை என்றால்கூட, 5 சதவீதம் வரை இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

பூட்டிய வீடுகளையும் மறைக்காதீர்கள். ஆயிரம் வீட்டில் 220 பூட்டு என்றால், வகுக்கும் எண் 780 என்று அறிக்கையில் தெரிய வேண்டும். பூட்டு விகிதம் 20-ஐத் தாண்டிய வார்டில் குறியீட்டை வெளியிடுவதை விட, மாலையிலோ ஞாயிறன்றோ மறுபடி போவது நல்லது.

மட்டுவாவி

இலங்கையில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் இந்த வேலை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கீழ பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான் செய்யிறார். நுளம்புக் குடம்பி (உங்கட கொசுப்புழு) இருந்தா வழக்குப் போட 2007-ம் ஆண்டின் 11-ம் இலக்கச் சட்டம் இருக்கு. ஆனா மதிப்பிடுறதுக்கு நல்லா உதவுறது வழக்குக் கணக்கில்ல, அறிவித்தல் படிவங்கள்ல இருக்கிற திகதிகள்தான்.

ஆஸ்பத்திரியில டெங்கு என்டு சந்தேகம் வந்த உடனே எச்544 படிவம் போகவேணும். அதை வைச்சுப் பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரிச்சு எச்411 எழுதுவார். வாராந்த அறிக்கை எச்399. மூன்றிலயும் திகதி இருக்கு. காய்ச்சல் தொடங்கின நாள், ஆஸ்பத்திரியில அறிவித்த நாள், பணிமனைக்குக் கிடைச்ச நாள், வீட்டுக்குப் போன நாள் என்டு நாலையும் ஒரு வரிசையில போட்டு இடைவெளியைப் பாருங்கோ.

ஏன் இது முக்கியம் என்டா, நோயாளியைக் கடிச்ச நுளம்பு எட்டிலிருந்து பன்னிரண்டு நாளில மற்ற ஆக்களுக்குக் குடுக்கத் தொடங்கும். காய்ச்சல் தொடங்கி நாலாம் நாள் போற பரிசோதகருக்கு அந்த வளவைச் சுத்தமாக்க நேரம் இருக்கு. பதினைஞ்சாம் நாள் போறவர் படிவம் நிரப்பத்தான் போறார். இரண்டு பேருக்கும் மாத அறிக்கையில "ஒரு விசாரணை" என்டுதான் விழும். 2017-ல நாடு முழுக்க 1,86,101 பேர் டெங்கு என்டு பதிவானவை. அவ்வளவு பேர் வந்தா எந்தப் பணிமனையும் திணறும். ஆனா தாமதம் எந்தக் கண்ணியில விழுந்தது, ஆஸ்பத்திரியிலயா, கடிதப் போக்குவரத்திலயா, களத்திலயா என்டு பிரிச்சுப் பார்த்தாத்தான் அடுத்த மாரிக்கு ஆயத்தப்படலாம். சராசரியை மட்டும் எழுதாதேங்கோ. ஏழு நாளுக்குள்ள போன வீடு நூற்றுக்கு எத்தனை என்டு எழுதுங்கோ. இரண்டு பேருக்கு ஒரே நாளில போய் ஒருத்தரை முப்பது நாள் விட்டா, சராசரியில யாருக்குமே நியாயம் கிடைக்காது.

வைகைக்கரை

நன்றி மட்டுவாவி. நேரடியாக நோயாளி எண்ணிக்கையையே அளவையாக வைத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டெங்கு குறைந்தால் பணி வெற்றி என்று.

வேம்படி

அது நேர்மையாக அறிவிப்பவரைத் தண்டிக்கும். இந்தியாவில் தேசியத் திட்டக் கணக்குக்கு எலைசா என்ற ஆய்வக ரத்தச் சோதனையில் உறுதியானவை மட்டுமே சேரும். தனியார் மருத்துவமனையின் பட்டைச் சோதனை சேராது. ஓர் ஊரில் புதிதாக எலைசா வசதி வந்தால் அந்த ஆண்டே நோயாளி எண்ணிக்கை ஏறும். அதைத் தோல்வி என்று எழுதினால் அடுத்த ஆண்டு மாதிரி அனுப்புவதைக் குறைத்துவிடுவார்கள். மழை, பக்கத்து ஊர்ப் போக்குவரத்து, எந்த வகை டெங்கு வைரஸ் சுற்றுகிறது என்பதெல்லாம் சுகாதார ஆய்வாளர் கையில் இல்லை. நோயாளி எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணாக ஆக்காதீர்கள்.

தண்ணீர்ப்பந்தல்

குடிநீருக்கு வருகிறேன். பல ஊர்களில் குளோரின் பதிவேட்டைப் பார்த்தால் ஆண்டு முழுக்க ஒரு குறையும் இருக்காது. பார்த்த இடம் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் முதல் குழாயாக இருக்கும். இந்தியத் தரம் ஐஎஸ் 10500 கேட்பது வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின். தொட்டியடியில் 1 இருந்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடைக்கோடியில் பூஜ்யமாக இருப்பது சர்வ சாதாரணம். எனவே மதிப்பீட்டுக்கான அளவை இதுதான்: ஒவ்வொரு தொட்டிக்கும் கடைக்கோடியில் இருக்கும் மூன்று குழாய்களில், தண்ணீர் விட்ட முதல் கால்மணி நேரத்தில், 0.2 இருந்த தடவை நூற்றுக்கு எத்தனை.

பதிவேடு உண்மையா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பம்ப் ஓடிய நேரப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மின்தடையாலோ மோட்டார் பழுதாலோ தண்ணீரே விடாத நாளில் குளோரின் 0.5 என்று எழுதியிருந்தால் அந்தப் பதிவேட்டின் மற்ற நாட்களையும் நம்ப முடியாது. எல்லா நாளும் ஒரே எண் என்றால் மட்டும் உடனே சந்தேகப்படாதீர்கள். கையில் இருக்கும், குளோரின் பார்க்கும் கருவியான குளோரோஸ்கோப்பின் நிற அட்டையில் நான்கைந்து படிகள்தான் இருக்கும். எண்கள் அந்தப் படிகளில்தான் விழும்.

குளோரின் பட்டால் மஞ்சளாகும் ஓடி (ஆர்த்தோடோலிடின்) கரைசல் இன்னும் புழங்கும் இடங்களில் நேரம் பற்றிய தப்பு அதிகம். சொட்டு விட்ட பத்து விநாடிக்குள் தெரியும் மஞ்சள்தான் கட்டுறா, அதாவது வேறெதோடும் சேராத, குளோரின். கால்மணி நேரம் வைத்திருந்தால் அம்மோனியாவோடு சேர்ந்து கட்டுண்டதும் நிறம் காட்டும், எண் கூடும். மறுசோதனையாளர் டிபிடி என்ற வேறு சோதனை மாத்திரையும் பணியாளர் ஓடியும் வைத்திருந்தால் எண்கள் ஒத்துப்போகாது. அதற்காகப் பணியாளரைக் குற்றம் சொல்லக் கூடாது. இருவருக்கும் ஒரே முறை கொடுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

குறை கண்டால் காரணம் தேடுவதும் மதிப்பீட்டில் சேர்ந்ததுதான். ஒரு லட்சம் லிட்டர்த் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் போட 200 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரில் அது 606 கிராம். மூட்டை பிரித்து ஈரத்தில் கிடந்து வீரியம் 20-க்கு இறங்கியிருந்தால் ஒரு கிலோ போட வேண்டும். டேங்க் ஆபரேட்டர் வழக்கம்போல 600 கிராமைக் கரைத்து ஊற்றியிருப்பார். அவர் மேல் பிழை இல்லை, கிடங்கின் மேல்தான். மூட்டையின் தயாரிப்பு நாளையும் பிரித்த நாளையும் மதிப்பீட்டுப் படிவத்தில் கேளுங்கள்.

கிருமிச் சோதனைக்கு எடுக்கும் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருந்ததா என்றும் ஒரு கட்டம் வையுங்கள். அது இல்லையென்றால் ஆய்வகம் போகும் வழியில் குளோரின் பாட்டிலுக்குள்ளேயே கிருமியைக் கொன்றுவிடும். தண்ணீர் நல்லது என்று அறிக்கை வரும்.

அஞ்சறைப்பெட்டி

உணவகம். உணவுப் பாதுகாப்பு விதிகளில் சுகாதார நிபந்தனைகளைச் சொல்லும் அட்டவணை 4-ஐ ஒட்டிய ஆய்வுப் பட்டியலில் உணவகங்களுக்கு மொத்தம் 114 புள்ளி. சில கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி உண்டு. அவை நேராக நோயோடு தொடர்புள்ளவை. மொத்தப் புள்ளியை வைத்து ஊர் முன்னேறியதாகச் சொல்வதில் ஆபத்து இருக்கிறது. சுவர் வெள்ளையடிப்பு, பலகை, சான்றிதழ் மாட்டியது ஆகியவற்றில் ஏறிய புள்ளி, குருமா வெதுவெதுப்பாகக் கிடப்பதை மறைத்துவிடும். அதனால் ஐந்தாறு கேள்விகளைத் தனியே உருவி ஆண்டுதோறும் அவற்றை மட்டும் தொடருங்கள்: சூடான உணவு 65 பாகையில் (அசைவம் 70-ல்) இருக்கிறதா, குளிர்ந்தது 5 பாகைக்குள் இருக்கிறதா, பச்சை இறைச்சிக்கும் சமைத்ததற்கும் பலகையும் கத்தியும் தனியா, கைகழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பொரித்த எண்ணெயின் மொத்த முனைவுச் சேர்மம் (திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சேரும் சிதைவுப் பொருள்) 25 சதவீதத்துக்குள்ளா. இந்த எண்ணெய் வரம்பு 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, உள்ளூர் ஆய்வுத் துறைகள் தங்களைத் தாங்களே அளந்துகொள்ள ஒன்பது தரநிலைகள் வைத்திருக்கிறது. அவற்றில் நான்காவது, ஆய்வாளர்கள் ஒரே சீராகப் பார்க்கிறார்களா என்பது. ஒன்பதாவது, நோய்க்குக் காரணமான பழக்கங்கள் குறைகின்றனவா என்பது. இந்த இரண்டும் நம் மாவட்டங்களுக்கு அப்படியே பொருந்தும். ஒன்பதாவதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, அந்தக் கணக்கெடுப்பை வழக்கமான ஆய்விலிருந்து பிரித்துத் தனியாகச் செய்கிற வழக்கம்.

மாதிரிகளில் "தரமற்றவை இத்தனை சதவீதம்" என்பதைப் பணியின் அளவையாக வைக்கவே வைக்காதீர்கள். சந்தேகப்பட்டுத் தேடி எடுத்தால் சதவீதம் ஏறும், குலுக்கலில் எடுத்தால் இறங்கும். சட்டப்படி எடுக்கும் மாதிரியையும் கண்காணிப்பு மாதிரியையும் கலந்த எண்ணால் ஒன்றும் சொல்ல முடியாது. அதற்குப் பதில், பகுப்பாய்வாளர் அறிக்கை சட்டம் சொல்லும் 14 நாளுக்குள் வந்தது எத்தனை, நியமன அலுவலர் கொடுத்த மேம்பாட்டு நோட்டீசின் கெடு முடிந்த பிறகு மறுபடி போய்ப் பார்த்தது எத்தனை, அங்கே அதே குறை மீண்டும் இருந்தது எத்தனை என்று பாருங்கள்.

ஆய்வு நடந்த நேரமும் வேண்டும். பரோட்டா, ஃபிரைடு ரைஸ் கடைகள் இரவு ஏழு முதல் பத்து வரைதான் உச்சம். பகல் பதினொரு மணிக்குப் போனால் கழுவித் துடைத்த கல்லைத்தான் பார்க்கலாம். உச்ச நேரத்தில் நடந்த ஆய்வுகள் நூற்றுக்கு எத்தனை என்ற ஒரு கட்டம், பெரிய உண்மையைச் சொல்லும்.

கணக்குப்பிள்ளை

அஞ்சறைப்பெட்டி அக்கா சொன்ன சீர்மைக்கு ஒரு கணக்கு. இரு அலுவலர்கள் ஒரே நேரத்தில், பேசிக்கொள்ளாமல், 50 கடைகளில் "சூடான உணவு சரியா" என்று பார்க்கிறார்கள் என்று வையுங்கள். இருவரும் சரி என்றது 38. இருவரும் தவறு என்றது 2. முதலாமவர் மட்டும் சரி என்றது 6, இரண்டாமவர் மட்டும் சரி என்றது 4. ஐம்பதில் நாற்பது ஒத்துப்போகிறது, 80 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருவருமே பெரும்பாலும் "சரி" என்று எழுதும் பழக்கமுள்ளவர்கள். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலே 76 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயலை நீக்கிவிட்டுப் பார்க்கும் காப்பா எண் 0.17 தான். தவறு என்று யாராவது ஒருவர் சொன்ன 12 கடைகளில் இருவரும் சேர்ந்து சொன்னது இரண்டே இரண்டு.

இந்த நிலையில் இரு வட்டாரங்களின் புள்ளிகளை ஒப்பிட்டால் ஒப்பிடுவது அலுவலர்களை, கடைகளை அல்ல.

அஞ்சறைப்பெட்டி

இத்தகைய வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் வெப்பமானிதான் காரணம். ஒருவர் ஆவி பறப்பதைப் பார்த்துச் சரி என்பார், மற்றவர் கம்பியைக் குருமாவின் நடுவில் குத்துவார். எல்லாருக்கும் குத்தும் வெப்பமானி கொடுத்து, மாதம் ஒருமுறை நொறுக்கிய ஐஸ் தண்ணீரில் 0 காட்டுகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். ஒரு பாகைக்கு மேல் விலகினால் ஒதுக்கிவிடுங்கள். கொதிநீரில் சரிபார்க்க நினைப்பவர்கள் ஊட்டி, கொடைக்கானலில் அப்படிச் செய்ய வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகையை ஒட்டியே கொதித்துவிடும்.

மாநில உணவுப் பாதுகாப்புக் குறியீட்டைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். 2018-19 முதல் வருகிறது. 2021-22-ல் பெரிய மாநிலங்களில் தமிழ்நாடு முதலிடம். ஆள்பலம், உரிமம், ஆய்வக வசதி, பயிற்சி, நுகர்வோர் விழிப்புணர்வு என்று மாநிலத்தின் ஆயத்தத்தை அது அளக்கிறது. ஒரு நகரத்துச் சமையலறைகளில் குறை குறைந்ததா என்று அதில் தேட முடியாது. அதற்கு நாமே அளக்க வேண்டும்.

களத்துமேடு

எல்லாம் சரி. மறுசோதனை என்றதும் நடக்கப்போவது என்ன என்று யோசித்தீர்களா? கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பல இடங்களில் தினக்கூலி. "உங்கள் தெருவில் மூன்று வீட்டில் கூட்டுப்புழு" என்று ஒரு தாள் போனால் அடுத்த மாதம் வேலை இருக்காது. ஒரு நாளைக்கு 50 வீடு என்று இலக்கு வைக்கிறார்கள். ஆறு மணி நேரக் களவேலையில் ஒரு வீட்டுக்கு ஏழு நிமிடம் சொச்சம். அதில் நடை, கதவு தட்டிக் காத்திருப்பது, நாய், சுவரில் கையெழுத்து எல்லாம் அடக்கம். மொட்டை மாடி ஏறி மேல்தொட்டி மூடியைத் திறந்து பார்க்க எங்கே நேரம்? இலக்கைத் தொடாமல் விட்டுவிட்டு மனிதரை அளக்காதீர்கள்.

வேம்படி

களத்துமேடு சொல்வதை முழுமனதாக ஏற்கிறேன். மறுசோதனைத் தாளில் பணியாளர் பெயரே இருக்க வேண்டாம். வார்டு, வீட்டின் வகை, பாத்திரம், உயரம் போதும். தவறவிட்டதில் பாதி மாடியில் என்றால் இலக்கை 30 வீட்டுக்கு இறக்கி அடுத்த காலாண்டில் அதே எண்ணைப் பாருங்கள். கண்டுபிடிப்பு விகிதம் ஏறினால் 50 என்பதுதான் தவறு என்று எழுத்தில் நிரூபணமாகும்.

கணக்குப்பிள்ளை

எண்களும் களத்துமேடு பக்கம்தான். பத்துப் பணியாளர், நாளுக்கு 50 வீடு, 24 நாள் என்றால் மாதம் 12,000 வீடு. அதில் 5 சதவீதம் 600. மறுசோதனையாளர் பொறுமையாக நாளுக்கு 25 வீடு பார்த்தால் ஒருவருக்கு முழு மாத வேலை. அதற்கு ஆளில்லை என்றால் 2 சதவீதம், 240 வீடு, பத்து நாள். அப்போது ஒரு பணியாளருக்கு 24 வீடுதான் கிடைக்கும். 24 வீட்டை வைத்து எந்த மனிதரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மொத்தத் திட்டத்தைப் பற்றிச் சொல்ல 240 போதும்.

வைகைக்கரை

யார் மறுசோதனை செய்வது? அதே சுகாதார ஆய்வாளர் என்றால் தன் வேலையைத் தானே திருத்துவது போல ஆகிவிடும்.

மட்டுவாவி

பக்கத்துப் பிரிவுப் பரிசோதகரை மாத்தி விடுங்கோ. மாதத்தில இரண்டு நாள் இவர் அங்க, அவர் இங்க. வாகனச் செலவு மட்டும்தான். ஆனா முதல்ல இரண்டு பேரையும் ஒரே பத்து வளவுக்குக் கூட்டிப் போய்ச் சேர்ந்து பார்க்க வையுங்கோ. இல்லாட்டி ஒருத்தர் கிணத்தை எண்ணுவார், மற்றவர் எண்ணமாட்டார்.

தண்ணீர்ப்பந்தல்

குடிநீருக்கும் அதுவே. கூடுதலாக ஒன்று: எந்தத் தொட்டி என்பதை அன்று காலை ஆறு மணிக்குத்தான் சொல்ல வேண்டும். முதல் நாளே தெரிந்தால் இரவில் இரட்டிப்பாக பவுடர் போட்டுவிடுவார்கள். கடைக்கோடியில் 2-க்கு மேல் எண் வந்தால் அதையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

வைகைக்கரை

படிவத்தின் வரைவை இன்றிரவு இங்கே போடுகிறேன். மறுசோதனையில் ஆள் இல்லாத வீட்டை என்ன செய்வது? அடுத்த வீட்டுக்குப் போய்விடலாமா?

கணக்குப்பிள்ளை

போகாதீர்கள். அடுத்த வீடு என்றால் திறந்திருக்கும் வீடு. பகலில் ஆள் இருக்கிற வீடு. அவர்களின் தொட்டி வேறு மாதிரி இருக்கும். அதே வீட்டுக்கு மாலை ஆறுக்குப் பிறகு ஒருமுறை போங்கள். அப்போதும் பூட்டு என்றால் "பார்க்க முடியவில்லை" என்று எழுதிவிடுங்கள். 48 மணி நேரக் கெடுவுக்குள் அடங்க வேண்டும் என்பதால் முதல் தடவை காலையிலேயே போய்விடுவது நல்லது.